அப்பாவோட வயித்துக் கட்டிக்கு எடுத்த ஜீன் டெஸ்ட்: எந்தப் பக்கம் உதவுச்சு, எந்தப் பக்கம் வேணாம்

முப்பத்தெட்டு பக்கம் அந்த ரிப்போர்ட்டு. அதுல ரெண்டு பக்கம் அப்பாவோட வைத்தியத்தையே மாத்துச்சு, ஒரு பக்கம் அவர மூணு நாள் தூங்க விடல, மிச்சத்த நான் இன்னிக்கு வரைக்கும் முழுசா படிச்சதில்ல. வயித்து கேன்சருக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா, அவ்ளோ காசு குடுக்கறதுக்கு அதுல என்ன இருக்குன்னு சொந்தக்காரங்க வாட்சாப் குரூப்புல ஆரம்பிச்சு ஆஸ்பத்திரில பக்கத்து சீட்டுல உக்காந்தவங்க வரைக்கும் நிறைய பேரு என்கிட்ட கேட்டாச்சு, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போடறதுக்கு பதிலா நாங்க பட்டத அப்படியே எழுதிடறேன். நான் டாக்டர் இல்ல, ஷிப்பிங் ஆபீஸ்ல டாக்குமென்ட் பாக்குற வேலை. அப்பாவுக்காக படிச்சு, கேட்டு, திரும்ப திரும்ப கேட்டு தெரிஞ்சிக்கிட்டது தான் இதெல்லாம். லேபு பேரு, ஆஸ்பத்திரி பேரு போடல, அங்க போய் என்ன கேக்கணும்ங்கறது தெரிஞ்சா போதும்.

அப்பாவுக்கு 68 வயசு. துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. நாலு தோசை சாப்பிடற மனுஷன் ஒன்றரை தோசைலயே "போதும்மா, நெறஞ்சிருச்சு"ன்னு தட்டைத் தள்ள ஆரம்பிச்சாரு. காஸ்ட்ரிக், காஸ்ட்ரிக்னு சொல்லி மருந்துக்கடைல மாத்திரை வாங்கி அஞ்சு மாசம் ஓட்டிட்டாரு. பெல்ட்டுல ரெண்டு ஓட்டை உள்ள போனத அம்மா தான் கவனிச்சாங்க. பாலிகிளினிக்ல ரத்தம் எடுத்தா ரத்தம் கொறைவு, மலம் கருப்பா போகுதான்னு டாக்டர் கேட்டப்ப தான் அப்பா ஆமான்னாரு, எங்க யார்கிட்டயும் அத சொன்னதில்ல. ரெஃபரல், வாய் வழியா குழாய் விட்டுப் பாக்குற ஸ்கோப், சிடி ஸ்கேன். வயித்தோட கீழ்ப் பகுதில புண்ணு மாதிரி கட்டி, ஈரல்ல மூணு எடத்துல பரவியிருக்கு. நாலாவது ஸ்டேஜ்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். சிங்கப்பூர்ல வயித்து கேன்சர் சீனர்களுக்கு தான் அதிகமா வருது, இந்தியர்களுக்கும் மலாய்க்காரங்களுக்கும் கொறைவு. அதனாலயே நம்மாளுங்க வயித்து வலிய சீரியஸா எடுத்துக்கறதில்ல. கொறைவுன்னா வராதுன்னு அர்த்தம் இல்ல. சென்னையோட கேன்சர் பதிவேட்டுல ஆம்பளைங்களுக்கு வயித்து கேன்சர் ரொம்ப வருஷமா முன் வரிசைல இருந்த ஒண்ணு. பட்டுக்கோட்டைல இருந்த எங்க பெரியப்பா "வயித்துக் கட்டி"ல போனதா தான் வீட்டுல சொல்வாங்க, அது என்ன கட்டின்னு யாரும் கேட்டதே இல்ல.

சரி, டெஸ்ட்டுக்கு வர்றேன். எல்லாத்தையும் ஜீன் டெஸ்ட்டுன்னு ஒரே பேருல சொல்றோம், ஆனா நாங்க பாத்ததுல நாலு வகை இருக்கு, நாலுக்கும் வேற வேற வேலை.

முதல் வகை, ஆஸ்பத்திரி பேத்தாலஜி லேபுல, ஸ்கோப்புல கட்டில இருந்து எடுத்த பயாப்சி துண்டுல சாயம் போட்டு பாக்கறது. இதுக்குன்னு தனியா எங்கயும் போக வேணாம், கேன்சர் டாக்டரே எழுதுவாரு. ஹெர்2, எம்எம்ஆர் இல்லன்னா எம்எஸ்ஐ, பிடி-எல்1, கிளாடின் 18.2, ஈபிவிங்கற வைரஸ். இந்த அஞ்சு பேரையும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க. வார்டுல இருந்த தமிழ் நர்ஸ் அக்கா அப்பாகிட்ட சொன்ன விதம் எனக்கு மறக்காது. "அங்கிள், நம்ம எல்லாருக்கும் ஐசி, அடையாள அட்டை இருக்குல்ல, உங்க கட்டிக்கும் ஒரு ஐசி எடுக்கறோம். அதுல என்ன இருக்கோ அத வச்சு தான் டாக்டர் மருந்து எடுப்பாரு." அப்பா அதுக்கப்பறம் யார் கேட்டாலும் "ஐசி எடுக்க குடுத்திருக்கு"ன்னு தான் சொன்னாரு.

ஒவ்வொண்ணும் ஏன் பாக்கறாங்கன்னு சுருக்கமா சொல்றேன். ஹெர்2ங்கறது செல்லோட மேல்தோல்ல நிக்கிற ஒரு புரதம், சில கட்டிங்கள்ல அதோட ஜீன் நிறைய நகலாகி புரதமும் மிதமிஞ்சி இருக்கும், அது "வளரு வளரு"ன்னு சிக்னல் குடுத்துக்கிட்டே இருக்கும். அப்படி இருந்தா டிராஸ்டுஜுமாப்னு ஒரு மருந்து அதப் போய் புடிக்கும். 2010ல வந்த டோகாங்கற ஆய்வுல ஹெர்2 உள்ளவங்களுக்கு கீமோ மட்டும் குடுத்தப்ப சராசரி ஆயுசு 11.1 மாசம், இந்த மருந்தும் சேத்தப்ப 13.8 மாசம். கேக்க சின்னதா தெரியும், ஆனா வயித்து கேன்சர்ல ஒரு மார்க்கர, அதாவது கட்டியோட அடையாளத்த பாத்து மருந்து குடுக்கலாம்னு கதவ தொறந்தது அது தான். எம்எம்ஆர்ங்கறது செல்லு தன்னோட டிஎன்ஏல வர்ற எழுத்துப் பிழைய திருத்துற வேலை, அது கெட்டுப்போன கட்டிய தான் எம்எஸ்ஐன்னு சொல்றாங்க, இதுங்களுக்கு இம்யூனோதெரபி, அதாவது நம்ம உடம்போட எதிர்ப்பு சக்திய வச்சே கேன்சர தாக்குற வைத்தியம், நல்லா கேக்கும். பிடி-எல்1ங்கற புரதத்துக்கு சிபிஎஸ்னு ஒரு எண் வரும், அதுவும் இம்யூனோதெரபிக்கு தான். கிளாடின் 18.2 புதுசு, அதுவும் செல்லு மேல இருக்கற ஒரு புரதம், முக்கால்வாசி கேன்சர் செல்லுல அது நல்லா தெரிஞ்சா சொல்பெடுக்ஸிமாப்னு ஒரு மருந்து இருக்கு, 2024 மார்ச்ல ஜப்பான் தான் முதல்ல அனுமதி குடுத்துச்சு. அதோட பெரிய ஆய்வுல பரிசோதிச்சவங்கள்ல 38 சதவீதம் பேருக்கு இது இருந்துச்சு, அதனால கண்டிப்பா கேளுங்க.

இந்த முதல் வகைக்கு என் மார்க்கு அஞ்சுக்கு அஞ்சு. ஆனா ஒரே ஒரு எடத்துல சறுக்குச்சு, அந்த எடம் தான் இந்த முழுக் கதைக்கும் காரணம்.

முதல் ஸ்கோப்புல எடுத்த துண்டு கம்மி, அதுலயும் பாதி செத்துப்போன திசு. ஹெர்2 ரிசல்ட் 1+னு வந்துச்சு. 0, 1+ வந்தா இல்லன்னு கணக்கு, 3+ வந்தா இருக்குன்னு கணக்கு, 2+ வந்தா ஜீனோட எண்ணிக்கைய தனியா எண்ணிப் பாக்கணும். ஆக அப்பாவுக்கு இல்ல. டாக்டர் கீமோ ஆரம்பிக்கலாம்னாரு, ஆரம்பிச்சோம். அப்ப தான் அவரே சொன்னாரு, வேணும்னா நிறைய ஜீன ஒரே தடவைல பாக்குற பேனல் டெஸ்ட் இருக்கு, கட்டாயம் இல்ல, யோசிங்கன்னு. தம்பியும் நானும் அன்னிக்கு ராத்திரி ஈசூன் காப்பிக்கடைல உக்காந்து ரொம்ப நேரம் பேசினோம். நாலு இலக்கத் தொகை, இங்க வைத்தியச் செலவுக்குன்னு இருக்கற மெடிசேவ் சேமிப்புல எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அம்மா "என் சங்கிலி இருக்குப்பா"ன்னாங்க. சங்கிலி வரைக்கும் போகல, ஆளுக்குப் பாதி போட்டோம்.

இனிமே தான் ரிவ்யூ. தனியார் கிளினிக், ரிசப்ஷன் பளபளன்னு இருக்கு, பேசுறவங்க மரியாதையா பேசுறாங்க, அதுல குறை இல்ல. கையெழுத்து போட குடுத்த ஃபார்ம் ஆறு பக்கம், முழுக்க இங்கிலீஷ். அப்பாவுக்கு தமிழ்ல சொல்லுங்கன்னு கேட்டேன், ஆள் இல்லன்னு சொல்லிட்டாங்க, நானே உக்காந்து வரி வரியா சொன்னேன். அந்த ஃபார்ம்ல "கூடுதல் ப்ராக்னோசிஸ் ஸ்கோர்"னு, அதாவது நோய் எப்படிப் போகும்னு கணிக்கிற எண்ணுக்கு, ஒரு பெட்டி ஏற்கனவே டிக் பண்ணி இருந்துச்சு. அது என்னன்னு கேக்காம விட்டேன். அங்க நான் நின்னிருக்கணும்.

ஆஸ்பத்திரில இருந்து பயாப்சி துண்ட பதப்படுத்தி வச்சிருக்கற மெழுகு பிளாக்க வாங்கி அனுப்பறதுக்கே பத்து நாள். அப்பறம் ஒரு ஃபோன், "சாம்பிள் பத்தல". யாராவது இத முன்னாடியே சொல்லியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்! கேன்சர் செல்லு போதுமான அளவு இல்லன்னா டிஎன்ஏ எடுக்க முடியாது, அத ஸ்லைட பாத்த உடனே ஒரு பேத்தாலஜிஸ்ட்டால சொல்ல முடியும். காச வாங்கறதுக்கு முன்னாடி பாத்திருக்கலாம். நீங்க போனா முதல் கேள்வியா இதயே கேளுங்க: பிளாக்குல திசு போதுமா, யார் பாத்து சொல்வாங்க, பத்தலன்னா காசு என்னாகும். எங்ககிட்ட திரும்ப காசு வாங்கல, டெஸ்ட்ட தள்ளி வச்சாங்க, அது பரவால்ல.

டாக்டர்கிட்ட சொன்னோம். அவரு ரெண்டாவது ஸ்கோப் ஏற்பாடு பண்ணாரு, இந்த தடவை கட்டியோட வேற வேற எடத்துல இருந்து எட்டு துண்டு எடுத்தாங்க. வயித்துக் கட்டில ஹெர்2 ஒரே மாதிரி பரவி இருக்காது, ஒரு மூலைல இருக்கும், இன்னொரு மூலைல சுத்தமா இருக்காது. மார்புக் கட்டிய விட வயித்துல இந்த திட்டுத்திட்டு குணம் ரொம்ப அதிகம், அதனால தான் ஆறுல இருந்து எட்டு துண்டாவது எடுக்கணும்னு சொல்றாங்க. இது தெரியாம ஒரு 1+ஐ வச்சுக்கிட்டு எத்தனை வீட்ல "இல்ல"ன்னு நெனச்சுட்டு இருக்காங்களோன்னு எனக்கு இப்பவும் மனசு அடிச்சுக்குது.

ரிசல்ட் வந்துச்சு. நாலாவது பக்கத்துல ஈஆர்பிபி2 ஆம்ப்ளிஃபிகேஷன்னு போட்டிருந்துச்சு. ஹெர்2 புரதத்த செய்யுற ஜீனுக்குப் பேரு தான் ஈஆர்பிபி2, அது நிறைய நகலாகி இருக்குன்னு அர்த்தம். டாக்டர் அதப் பாத்த உடனே புது துண்டுகள்ல பேத்தாலஜிக்கு திரும்ப சாயம் போட எழுதுனாரு, 3+. அஞ்சாவது பக்கத்துல எம்எஸ்ஐ இல்லன்னும் டிபி53ங்கற ஜீன் மாறியிருக்குன்னும் இருந்துச்சு. பேத்தாலஜில பிடி-எல்1 சிபிஎஸ் 3. மூணாவது கீமோல இருந்து டிராஸ்டுஜுமாப் சேர்ந்துச்சு, கூட பெம்ப்ரோலிசுமாப்ங்கற இம்யூனோதெரபி மருந்தும். ஹெர்2 இருக்கறவங்களுக்கு இந்த ரெண்டையும் சேத்து குடுத்த கீநோட்-811 ஆய்வுல சராசரி 20.0 மாசம், பெம்ப்ரோ இல்லாம 16.8 மாசம், பிடி-எல்1 எண் 1 இல்லன்னா அதுக்கு மேல இருக்கறவங்களுக்கு தான் அந்தப் பலன்னு டாக்டர் ஒரு தாள்ல கிராஃப் வரைஞ்சு காட்டுனாரு.

காசு விஷயமும் இதோட ஒட்டி தான் இருக்கு. 2022 செப்டம்பர்ல இருந்து மெடிஷீல்டு லைஃப்ங்கற அரசாங்க மருத்துவக் காப்பீட்டு க்ளெய்முக்கு கேன்சர் மருந்துப் பட்டியல் ஒண்ணு இருக்கு, அதுல ஒவ்வொரு மருந்துக்கும் நேரா எந்த கேன்சர், எந்த நிலைன்னு எழுதியிருக்கும். மார்க்கர் ரிசல்ட் அந்த வரிக்குள்ள பொருந்துதான்னு ஆஸ்பத்திரில நிதி ஆலோசகர் உக்காந்து பாத்துட்டு தான் சொல்வாங்க. அதனால 1+ஆ 3+ஆங்கறது மருந்து மட்டும் இல்ல, பில்லும் சேத்து தான். சோஷியல் வொர்க்கர கேக்க வெக்கப்படாதீங்க, நாங்க ரெண்டு மாசம் கழிச்சு கேட்டோம், முதல் வாரமே கேட்டிருக்கலாம்.

ஆக இந்த ரெண்டாவது வகை, அதாவது பேனல், எங்களுக்கு உதவுச்சு. ஆனா நேர்மையா சொன்னா எங்கள காப்பாத்துனது பேனல விட அந்த எட்டு துண்டு. முதல்லயே எட்டு துண்டு எடுத்திருந்தா சாதாரண சாயத்துலயே 3+ தெரிஞ்சிருக்கும்னு டாக்டரே சொன்னாரு. பேனலுக்கு அஞ்சுக்கு மூணரை.

இப்ப அந்தப் பத்தொம்பதாவது பக்கம்.

ரிப்போர்ட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு ஈமெயில்ல வந்துச்சு, அப்பாவோட ஈமெயிலுக்கு. நான் வேலை முடிஞ்சு எம்ஆர்டில வந்துட்டு இருக்கேன். அப்பா ஃபோன்ல தொறந்து தள்ளித் தள்ளிப் பாத்திருக்காரு, இங்கிலீஷ் அவருக்கு சரளம் இல்ல, ஆனா படம் புரியுமே. பத்தொம்பதாவது பக்கத்துல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு அரைவட்டமா ஒரு மீட்டர், முள்ளு சிவப்புல நிக்குது. கீழ "ஹை ரிஸ்க், புவர் ப்ராக்னோசிஸ்". கிளினிக் திங்கக்கிழமை காலைல தான் தொறக்கும். வீட்டுக்குள்ள நுழையறேன், அப்பா ஹால் லைட்ட போடாம உக்காந்திருக்காரு, அம்மா சாமி ரூம்ல. "முள்ளு கடைசில இருக்கும்மா"ன்னாரு. மூணு நாள்.

அந்த ஸ்கோர் எதுல இருந்து வந்துச்சுன்னு தேடித் தேடிப் படிச்சேன், புரியாதத லைஃப் சயின்ஸ் படிக்கிற எங்க அத்தை பையன உக்கார வச்சு கேட்டேன். சிஓஎல்1ஏ1, டிஹெச்பிஎஸ்2, செர்பின்ஈ1, எஃப்என்1னு ஏழெட்டு ஜீன் பேரு, ஒவ்வொண்ணும் எவ்ளோ வேலை செய்யுதுன்னு அளந்து கூட்டிக் கழிச்சு ஒரு எண். வயித்து கேன்சர் வளர்ச்சி, ஆயுசு பத்தி ஜீன் மார்க்கர்னு தேடுனா இந்தப் பேருங்க திரும்பத் திரும்ப வரும். பொதுவுல இருக்கற டேட்டாபேஸ்ல இருந்து கேன்சர் திசு ஒரு பக்கம், நல்ல திசு ஒரு பக்கம் வச்சு எந்த ஜீன் வித்தியாசமா இருக்குன்னு கம்ப்யூட்டர்ல தேடி, அதுல எது அதிகமா இருந்தவங்க சீக்கிரம் போனாங்கன்னு கோடு போடுவாங்க. தப்பான வேலை இல்ல, ஆராய்ச்சிக்கு அது தான் முதல் படி. ஆனா அந்த ஜீன்லாம் என்னன்னு பாருங்க. சிஓஎல்1ஏ1 கொலாஜன் செய்யுற ஜீன், நம்ம தோலு, தழும்பு எல்லாத்துலயும் இருக்கறது. எஃப்என்1 ஃபைப்ரோநெக்டின், அதுவும் செல்லுங்களுக்கு நடுவுல இருக்கற பிசின் மாதிரி பொருள். கேன்சர் செல்ல சுத்தி தழும்பு மாதிரி நார்த்திசு நிறைய இருந்தா இந்த எண்ணெல்லாம் ஏறும். அப்படிப்பட்ட கட்டிங்க மொத்தத்துல மோசமா போகுதுங்கறது உண்மை தான், 2015ல 300 கட்டிய ஆராய்ஞ்சு நாலு வகையா பிரிச்ச ஆசிய ஆய்வுலயும் இந்த மாதிரி நார்த்தன்மை உள்ள வகைக்கு தான் ஆயுசு கம்மி, எம்எஸ்ஐ வகைக்கு அதிகம்னு வந்துச்சு. ஆனா பயாப்சி இடுக்கி எந்த எடத்துல கடிச்சதோ அத வச்சு அந்த எண் மாறும், எங்க அப்பாவோட ஹெர்2 மாறுன மாதிரியே.

அத்தை பையன் சொன்ன உதாரணம் அப்பாவுக்கு நல்லா புரிஞ்சுச்சு. "மாமா, டிசம்பர்ல சிங்கப்பூர்ல மழை ஜாஸ்தின்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு நம்ம புளோக்குக்கு கீழ பெய்யுமான்னு அத வச்சு சொல்ல முடியுமா? இந்த ஸ்கோர் டிசம்பர சொல்லுது, நாலு மணிய சொல்லல." முக்கியமா, அந்த ஸ்கோர வச்சு எங்க டாக்டர் ஒரு மருந்தக் கூட மாத்தல, டோஸ் மாத்தல, ஸ்கேன் தேதி மாத்தல. திங்கக்கிழமை கேட்டப்ப "நான் இந்தப் பக்கத்த பாக்கறதே இல்ல"ன்னு நேரா சொல்லிட்டாரு. எதையும் மாத்தாத ஒரு எண்ண ஒரு நோயாளிக்கு சிவப்பு கலர்ல, ஆள் இல்லாத வெள்ளிக்கிழமை ராத்திரி அனுப்பக் கூடாது. இத அந்த கிளினிக்குக்கு எழுத்துல குடுத்தேன், பதில் வந்துச்சு, இனிமே டாக்டர் வழியா தான் அனுப்புவோம்னு சொல்லியிருக்காங்க. அத செஞ்சா நல்லது. அந்த ஸ்கோருக்கு மட்டும் என் மார்க்கு பூஜ்யம்.

ஆயுச பத்தி சொல்ற மார்க்கர் எல்லாமே வேஸ்ட்டுன்னு சொல்ல வரல. ஆப்பரேஷன் பண்ற ஸ்டேஜ்ல இருக்கறவங்களுக்கு அதுக்கு வேலை இருக்கு. எம்எஸ்ஐ இருக்கறவங்களுக்கு ஆப்பரேஷன் மட்டுமே நல்லா வேலை செய்யுது, கூட குடுக்கற கீமோவால லாபம் இல்லாம போகலாம்னு 2017ல மேஜிக் ஆய்வோட திசுக்கள திரும்ப எடுத்துப் பாத்தப்ப தெரிஞ்சுது. கொரியாவுல 2018ல நாலே ஜீன வச்சு, ஆப்பரேஷனுக்கு அப்பறம் யாருக்கு கீமோ உதவும்னு பிரிச்சுப் பாத்தாங்க, கிளாசிக்ங்கற பெரிய ஆய்வுல இருந்த நோயாளிகளோட திசுவுலயே. அந்த மாதிரி "இந்த ரிசல்ட் வந்தா இத செய்வோம், அது வந்தா அத செய்வோம்"னு சொல்ல முடிஞ்சா எடுக்கலாம். நான் இப்ப எந்த டெஸ்ட்டுக்கும் ஒரே கேள்வி தான் கேக்கறேன்: "இதுல என்ன வந்தா நீங்க என்ன மாத்துவீங்க டாக்டர்?" பதில் இல்லன்னா காசு குடுக்கறதில்ல.

மூணாவது வகை, குடும்பத்துக்கு. அப்பாவுக்கு வந்ததால தம்பிக்கும் எனக்கும் வருமான்னு பயம். ஆஸ்பத்திரிலயே ஜெனடிக் கவுன்சலர்கிட்ட அனுப்புனாங்க, ஒன்றரை மணி நேரம், அவசரமே படல. ஆம்பளைக்கு சதுரம், பொம்பளைக்கு வட்டம்னு மூணு தலைமுறைக்கு வரைஞ்சாங்க. பெரியப்பா கதைய அப்ப தான் முழுசா கேட்டோம், பட்டுக்கோட்டைக்கு ஃபோன் போட்டா பெரியம்மா "ஆமாப்பா, தஞ்சாவூர்ல குழாய் விட்டுப் பாத்து புத்துன்னு தான் சொன்னாங்க"ன்னாங்க. இத்தனை வருஷம் கழிச்சு. சிடிஹெச்1ங்கற ஜீன் பரம்பரையா கெட்டுப் போற குடும்பங்கள் இருக்கு, 1998ல நியூசிலாந்துல ஒரு மாவோரி குடும்பத்துல தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க, அவங்கள்ல பல பேரு நோய் வர்றதுக்கு முன்னாடியே வயித்த எடுத்துடறாங்க. அது பரவி வளர்ற டிஃப்யூஸ் வகை, சின்ன வயசுல வர்றது, பொம்பளைங்களுக்கு ஒரு வகை மார்பு கேன்சரும் சேந்து வரலாம். அப்பாவுது குடல் திசு மாதிரி இருக்கற இன்டஸ்டைனல் வகை, வயசும் அதிகம். அப்பறம் அவங்க சொன்ன ஒரு விஷயம் எங்களுக்கு பெரிய தெளிவு: கட்டில இருக்கற ஜீன் மாற்றம் பெரும்பாலும் கட்டிக்கு மட்டும் சொந்தம், பொறந்ததுல இருந்தே ரத்தத்துலயும் இருந்தா தான் பிள்ளைங்களுக்கு வர வாய்ப்பு. டிபி53 மாறியிருக்குன்னு பேனல்ல பாத்து நான் பயந்த பயம் அங்க தான் தீந்துச்சு, அப்பாவோட ரத்தத்துல அது இல்ல. இன்சூரன்ஸ் பத்தியும் கேட்டோம், வருங்காலத்துல நோய் வருமான்னு பாக்குற ஜீன் டெஸ்ட்ட எடுக்க சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 2021ல இருந்து ஒரு ஏற்பாடு இங்க இருக்கு, ஆனா ஏற்கனவே வந்த நோய கண்டுபிடிக்கிற டெஸ்ட்டுக்கு அது பொருந்தாது, எடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க. இந்த சேவைக்கு அஞ்சுக்கு அஞ்சு, தமிழ்ல ஒரு தாள் குடுத்தா அதுக்கும் மேல குடுப்பேன்.

நாலாவது வகை தம்பிக்காக விசாரிச்சது. கேஸ்ட்ரோக்ளியர்னு ரத்தப் பரிசோதனை, சிங்கப்பூர்லயே உருவானது, மைக்ரோ ஆர்என்ஏங்கற குட்டி மரபுத் துணுக்குல 12 வகைய அளந்து வயித்து கேன்சர் இருக்கற வாய்ப்ப சொல்லும், 2019ல இங்க சுகாதார அறிவியல் ஆணையம் அனுமதிச்சுது. இதோட ஆய்வு 2021ல வந்துச்சு, சிங்கப்பூர்லயும் கொரியாவுலயும் சேத்து ஐயாயிரம் பேருக்கு மேல. கேன்சர் இருக்கற 100 பேர்ல 87 பேர கண்டுபிடிச்சுது, இல்லாத 100 பேர்ல முப்பது பேருக்கு மேல பாசிட்டிவ்னும் காட்டுச்சு, அவங்கெல்லாம் ஸ்கோப் போட்டு தான் தெளிவாக்கிக்கணும். நம்ம ஊர்ல நம்ம ஆளுங்க செஞ்ச வேலைன்னு எனக்கு உண்மையாவே பெருமை. ஆனா தம்பிக்கு அடிக்கடி நெஞ்சு எரிச்சல் இருந்துச்சு, அதோட அப்பாவுக்கும் இந்த நோய், அதனால டாக்டர் "நீ நேரா ஸ்கோப்புக்கே வந்துடு"ன்னாரு.

ஸ்கோப்புல ஹெச். பைலோரி கிருமி இருந்துச்சு, 1994லயே கேன்சர் வரவைக்கிற பட்டியல்ல முதல் வகைல சேத்த கிருமி. வயித்தோட உள்தோல் கொஞ்சம் குடல் தோல் மாதிரி மாறியிருக்குன்னு பயாப்சில வந்துச்சு. வயித்து கேன்சர் பெரும்பாலும் ஒரே நாள்ல வர்றதில்ல, முதல்ல நாள்பட்ட அழற்சி, அப்பறம் தோல் மெலிஞ்சு போகும், அப்பறம் இந்தக் குடல் மாதிரி மாற்றம், அதுக்கப்பறம் தான் கேன்சருக்கு முந்தின நிலை, இதுக்கு வருஷக்கணக்கா ஆகும். மாற்றம் வந்த எல்லாருக்கும் கேன்சர் வராது, யாருக்கு வரும்ங்கறது தான் கேள்வி. அதத் தான் சிங்கப்பூர்ல 2004ல இருந்து 2980 பேர வருஷக்கணக்கா ஸ்கோப் போட்டு பாத்தாங்க. மாற்றம் பரவலா, முத்தின நிலைல இருந்தவங்களுக்கு மாற்றமே இல்லாதவங்கள விட இருபது மடங்கு அளவுக்கு ஆபத்து, அவங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஸ்கோப்னு சொல்றாங்க. அதே ஆளுங்களோட திசுவ பேட்ரிக் டான்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு ஜீன் லெவல்ல பாத்தாங்க, 2018லயும் 2023லயும் வெளியிட்டாங்க. டிஎன்ஏ மேல உக்கார்ற ரசாயன அடையாளம் சாதாரண வயிறு மாதிரியே இருந்தவங்களுக்கு அந்த மாற்றம் பின்வாங்கக் கூட செஞ்சுதுன்னு படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு. அதுல இருந்தவங்க பெரும்பாலும் சீனர்கள், நமக்கு அதே எண்ணு அப்படியே பொருந்தணும்னு இல்ல, ஆனாலும் வழி தெரியுது. தம்பிக்கு ஆரம்ப நிலை தான். ரெண்டு வாரம் ஆன்டிபயாட்டிக், அப்பறம் ஊதிப் பாக்குற டெஸ்ட்ல கிருமி போயிருச்சு. அடுத்த ஸ்கோப் தேதிய தம்பி பொண்டாட்டி காலண்டர்ல சிவப்பு பேனால வட்டம் போட்டு வச்சிருக்காங்க. எனக்கும் போட்டாச்சு, ஒண்ணும் இல்ல.

திரும்ப முதல்ல இருந்து செய்யணும்னா, நான் முதல் ஸ்கோப்புக்கு முன்னாடியே "நிறைய எடத்துல இருந்து நிறைய துண்டு எடுங்க டாக்டர், மார்க்கர் எல்லாம் பாக்கணும்"னு சொல்லுவேன். அந்த அஞ்சு பேரும் முதல் கீமோவுக்குள்ள வந்துடணும்னு கேப்பேன். பேனல் எடுத்தா கவுன்சலிங்கும் சேத்து தான்னு எழுதி வாங்குவேன், ரிப்போர்ட்டு டாக்டருக்கு மட்டும் தான் போகணும்னு சொல்லுவேன், அந்த டிக்க அழிப்பேன். பேரு பெருசா வச்ச பேக்கேஜ காட்டி "600 ஜீன் பாப்போம்"னு சொன்னா மயங்காதீங்க, வயித்து கேன்சருக்கு இன்னிக்கு மருந்த முடிவு பண்றது கை விரல்ல எண்ணிடற அளவு மார்க்கர் தான்.

அப்பாவுக்கு இப்ப பதினோரு மாசம் ஆச்சு. ஈரல்ல இருந்த மூணுல ஒண்ணு தெரியல, ரெண்டு சுருங்கியிருக்கு. மூணு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து, டிராஸ்டுஜுமாப் இதயத்தப் பாதிக்கலாம்னு மூணு மாசத்துக்கு ஒரு எக்கோ. இந்த வாரம் எக்கோ நல்லா வந்துச்சு. தோசை இப்ப ரெண்டரை. பேத்தாலஜி ரிப்போர்ட்டுல அந்த 3+ இருக்கற ஒரு பக்கத்த மட்டும் நாலா மடிச்சு பர்ஸ்ல ஐசி பக்கத்துல வச்சிருக்காரு, புதுசா யாராவது நர்ஸ் வந்தா எடுத்துக் காட்டறாரு.